பத்து ஜோடி, ஒரு கரும்பலகை, உப்புக் கூடின கொத்து

இது இலங்கை மலையகத்தில், ஹட்டனில், ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ரெஸ்லிங் போட்டி போட்டுக் காட்டுகிற ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றியது. கடையின் பெயரைப் போடவில்லை. கீழே சில குறைகளும் சொல்லப் போகிறேன், முதலாளி அண்ணன் தெரிந்தவர், நாளைக்கும் அங்கேதான் போய்ப் பிளேன்டீ குடிக்க வேண்டும். ஹட்டன்காரர்களுக்கு அடையாளம் மட்டும் சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாடியிலிருந்து பத்திருபது பேர் சேர்ந்து "ஒண்ணு... ரெண்டு..." என்று கத்துவார்கள், மூன்று வராது, "ச்சே" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தக் கடைதான்.

கீழே வழக்கமான சாப்பாட்டுக் கடை. கண்ணாடி அலுமாரியில் ரோல்ஸ், உளுந்து வடை, முட்டை ரொட்டி, ஓரத்தில் கொத்து ரொட்டி போடுகிற தகடு. செங்குத்தான மரப்படியில் தலையைக் குனிந்து ஏறினால் மாடியில் ஆறு மேசை, ஒரு டீவி. அண்ணன் கட்டாரில் டிரைவராக இருந்த காலத்தில் பழைய ரெஸ்லிங் டீவிடிகளைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்திருக்கிறார். அதில் சர்வைவர் சீரிஸ் என்கிற வருடாந்த அமெரிக்க ரெஸ்லிங் நிகழ்ச்சியின் தொகுப்பு ஒன்று இருக்கிறது, 1987 முதல் 1991 வரை நடந்த ஐந்து நிகழ்ச்சிகளும் அடங்கியது. ஞாயிறு நாலு மணிக்கு மேல் ஒன்றைப் போடுவார். பார்க்கத் தனிக் காசு கிடையாது. ஆனால் ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தால் மேசை துடைக்கிற தம்பி மூன்று தடவை வந்து உங்கள் மேசையை மட்டும் துடைப்பான். புரிந்துகொள்ள வேண்டும்.

நான் இதுவரை நாலு தடவை போயிருக்கிறேன். மூன்று நாளை விட்டுவிடலாம். 1988ஆம் ஆண்டு சர்வைவர் சீரிஸில் பத்து ஜோடி மோதுகிற அந்த டேக் டீம் எலிமினேஷன் போட்டியைப் போட்ட நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அந்தப் போட்டியை நான் ஏற்கெனவே ஒரு தடவை போனில் பார்த்து, பாதியில் தூங்கிப் போனவன்.

அதில் என் பிழை இல்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கம் ஐந்து ஜோடி, மறுபக்கம் ஐந்து ஜோடி, ஆக 20 பேர். அதுபோக வெளியே மேனேஜர்மார், ரெஃப்ரிமார். ரிங்குக்குள் சண்டை போடுகிறவர்கள் ரெண்டு பேர்தான், மிச்சம் 18 பேரும் கயிற்றுக்கு வெளியே விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கிறார்கள். மஸ்கெலியாவிலிருந்து காலையில் வருகிற முதல் பஸ்ஸின் மிதிபலகை மாதிரி இருக்கும், எது யார் கை எது யார் கால் என்று தெரியாது. தன் பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் தொட்டு உள்ளே அனுப்பலாம், சொந்த ஜோடிக்காரனாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஜோடியில் ஒருவனைப் 'பின்' பண்ணிவிட்டால், அதாவது மூன்று எண்ணும் வரை தோள் தரையில் பட அமுக்கிவிட்டால், ரெண்டு பேரும் வெளியே. கூட்டாளி செய்த பிழைக்கு ஒரு அடிகூட வாங்காமல் நடந்து போகிற மனுசனின் முகத்தைப் பார்க்க வேண்டும், அது தனி வேடிக்கை. இப்படியே ஒரு பக்கம் முழுசாகக் காலியாகும் வரை போகும். மொத்தம் 42 நிமிடம்.

இது போதாதென்று, ரெண்டு பக்கத் தலைவர்களும் முகத்தில் சாயம் பூசினவர்கள். ஒரு பக்கம் டிமோலிஷன், அப்போதைய டேக் டீம் சாம்பியன்கள், அக்ஸ், ஸ்மாஷ் என்று ரெண்டு பேர், கறுப்புத் தோல் பட்டையும் ஆணியுமாக வருவார்கள். மறுபக்கம் பவர்ஸ் ஒஃப் பெய்ன், வோர்லோர்ட், பார்பேரியன் என்று ரெண்டு பாறை. போன் திரையில் நாலு பேரும் ஒரே ஆள்தான்.

இந்த இடத்தில்தான் கடையின் சேவையைச் சொல்ல வேண்டும். மாடிச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு, அன்றைய சாப்பாடு எழுதுவதற்கு. போட்டி தொடங்குவதற்கு முன் அண்ணன் அந்தப் பலகையில் நடுவே ஒரு கோடு இழுத்து இடப்பக்கம் ஐந்து பெயர், வலப்பக்கம் ஐந்து பெயர் எழுதினார். பவர்ஸ் ஒஃப் பெய்ன், ரொக்கர்ஸ், பிரிட்டிஷ் புல்டோக்ஸ், ஹார்ட் ஃபவுண்டேஷன், யங் ஸ்டாலியன்ஸ் இந்தப் பக்கம், கதைப்படி நல்லவர்கள். டிமோலிஷன், பிரெய்ன் பஸ்டர்ஸ், பொல்ஷெவிக்ஸ், ரூஜோ சகோதரர்கள், கொன்கிஸ்டடோர்ஸ் அந்தப் பக்கம், கெட்டவர்கள். இடம் போதாததால் கீழே "மரக்கறி ரொட்டி, முட்டை ரொட்டி, உளுந்து வடை, கொத்து" அப்படியே இருந்தது. ஒரு ஜோடி வெளியேறும்போது ரிமோட்டை அமுக்கி நிறுத்துவார், எழும்பிப் போய்ப் பெயரின் மேல் ஒரு கோடு கிழிப்பார், யாரை யார் எப்படி விழுத்தினான் என்று ரெண்டு வசனம் சொல்வார், மறுபடி ஓட விடுவார். அவ்வளவுதான் வித்தை. எனக்குக் குப்பையாகத் தெரிந்த போட்டி இந்த ஒரு சோக்குத் துண்டால் கதையாக மாறியது.

முதலில் ரூஜோ சகோதரர்கள் போனார்கள். ஹார்ட் ஃபவுண்டேஷனின் பிரெட் ஹார்ட் ரேமண்ட் ரூஜோவைச் சுருட்டி மடக்கி மூன்று எண்ண வைத்தார். இங்கே அண்ணன் நிறுத்தி ஒரு கிளைக்கதை சொன்னார். ஜாக் ரூஜோவுக்கும் எதிர்ப்பக்கம் நிற்கிற புல்டோக்ஸ் ஜோடியின் டைனமைட் கிட்டுக்கும் அந்த நாட்களில் நிசமாகவே பகை. உடை மாற்றுகிற அறையில் டைனமைட் சீண்டிக்கொண்டே இருக்க, ஜாக் கைக்குள் சில்லறைக் காசை இறுக்கிப் பிடித்துக் குத்தி அவருடைய பல்லை உடைத்துவிட்டார். "அதாம்பி, இவனுகள மொத ஆளா வெளிய அனுப்பிட்டாங்க, புல்டோக்ஸ் திரும்பி வர்றதுக்குள்ள வீடு போய்ச் சேரணும்ல" என்றார் அண்ணன். மூக்கில் கண்ணில் சாயம் பூசி நடிக்கிற கூத்துக்குள்ளே இப்படி ஒரு நிசப் பயம் இருந்திருக்கிறது. புல்டோக்ஸும் அந்த நிகழ்ச்சியோடு கம்பனியை விட்டுப் போய்விட்டார்கள்.

அப்புறம் கொஞ்ச நேரம் இழுவை. யங் ஸ்டாலியன்ஸ் போனார்கள், அவர்களை விழுத்தின பொல்ஷெவிக்ஸ் உடனேயே ரொக்கர்ஸ் கையால் போனார்கள், யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. இந்த நேரத்தில்தான் நான் கொத்துக்குச் சொன்னேன்.

சர்வைவர் சீரிஸை நான் முதலில் பார்த்தது 2003இல். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரே ஒரு வீட்டில்தான் டிஷ் இருந்தது, டென் ஸ்போர்ட்ஸ் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள் எல்லாம் அந்த முன்காம்பராவில் நெருக்கியடித்துக்கொண்டு, கையில் ட்ரம்ப் கார்ட் கட்டோடு இருப்போம். அந்த வருடப் போட்டியில் ஷோன் மைக்கல்ஸ் தனியாளாக மிஞ்சி, முகம் முழுக்க ரத்தத்தோடு, எதிரே ஜெரிக்கோ, கிறிஸ்டியன், ரண்டி ஓர்டன் என்று மூன்று பேரைச் சமாளிப்பார். ரெண்டு பேரைக் கழித்தும் விடுவார். கடைசியில் பட்டிஸ்டா குறுக்கே புகுந்து தூக்கி அடிக்க, ஓர்டன் சும்மா வந்து மேலே படுத்து ஜெயிப்பான். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அந்த ஷோன் மைக்கல்ஸ் இந்த 1988 போட்டியில் ரொக்கர்ஸ் ஜோடியில் ஒல்லிப் பையனாக நிற்கிறார். என்னோடு வந்த சித்தப்பா மகன் "அண்ணே, இது அவருதானே?" என்று கேட்கும் வரை போனில் பார்த்தபோது நான் கவனிக்கவே இல்லை. அதைவிடப் பெரிய விசயம், அவர் நிற்கிற அதே பக்கத்தில், அதே மூலையில், பிரெட் ஹார்ட்டும் நிற்கிறார். ரெண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் தொட்டு உள்ளே போகலாம் என்கிற நிலைமை. ஒன்பது வருடம் கழித்து, 1997இல், இதே சர்வைவர் சீரிஸில், மொன்ட்ரியாலில், பிரெட் தோல்வியை ஒத்துக்கொள்ளாதபோதே கம்பனிக்காரர் மணியை அடிக்க வைத்து ஷோனுக்குப் பட்டத்தைக் கொடுத்த கதை ரெஸ்லிங் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு இதைப் பார்ப்பது, சண்டை போட்டுப் பிரிந்த சொந்தக்காரர்களின் பழைய கல்யாணப் படத்தைப் பார்க்கிற மாதிரி.

பிரெட் போன விதம் அழகு. அவரே பிரெய்ன் பஸ்டர்ஸ் ஜோடியின் டலி பிளான்சார்டைப் பின்னாலிருந்து கட்டித் தூக்கிப் பாலம் மாதிரி வளைகிறார், ரெஃப்ரி எண்ணுகிறார், ஆனால் தோள் தரையில் பட்டிருப்பது பிரெட்டுக்கு. தன் வித்தையில் தானே விழுந்தார். உடனே ரொக்கர்ஸும் பிரெய்ன் பஸ்டர்ஸும் நாலு பேராக ரிங்குக்குள் புகுந்து கட்டி உருள, ரெஃப்ரி ரெண்டு ஜோடியையும் ஒன்றாக வெளியே அனுப்பிவிட்டார். இங்கே மாடியில் ஒரே சத்தம். அண்ணன் எழும்பிப் போய் மூன்று கோடு கிழிக்க வேண்டியிருந்தது, அந்த அவசரத்தில் கை பட்டு மரக்கறி ரொட்டியும் அழிந்துபோனது. மேசை துடைக்கிற தம்பி அதைப் பார்த்துவிட்டு, முட்டை ரொட்டியின் மேலும் ஒரு கோடு கிழித்தான். "என்னடா?" என்றார் அண்ணன். "அதும் முடிஞ்சிருச்சு, மொதலாளி."

பலகையில் மிஞ்சினது இந்தப் பக்கம் பவர்ஸ் ஒஃப் பெய்னும் புல்டோக்ஸும், அந்தப் பக்கம் டிமோலிஷனும் கொன்கிஸ்டடோர்ஸும்.

கொன்கிஸ்டடோர்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். தலையிலிருந்து கால் வரை தங்க நிறத்தில் உடுப்பு, முகமூடி, எவன் எவன் என்று அவர்களுக்கே தெரியாது. வழக்கமாகப் பெரிய ஆட்களிடம் அடி வாங்குவதற்காகவே கொண்டுவரப்படுகிற ஜோடி. பெரிய பெரிய ஜோடிகள் விழுந்து போன பிறகும் அவர்கள் விழவில்லை. எங்கள் மேசைக்கு முன் மேசையில் ஒரு தாத்தா, பக்கத்துத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து பென்சன் எடுத்தவர், தொடக்கத்திலிருந்தே அவர்கள் பக்கம்தான். "ஏன் தாத்தா அவனுகள?" என்று கேட்டேன். "மத்தவனுக்கெல்லாம் ஆளிருக்குல்ல" என்றார். பின்னால் ஒரு பையன், இதெல்லாம் முன்னமே பேசி வைத்துக்கொண்டு செய்கிற நாடகம்தானே என்று ஆரம்பித்தான். அதற்கும் தாத்தாதான் திரும்பினார். "காமன் கூத்துல காமன் எரியப் போறான்னு தெரிஞ்சுதானடா மாசி மாசம் ராவு முழுக்கக் குந்தியிருக்கோம்." பையன் ஒரு ரோல்ஸ் வாங்கிக்கொண்டு அமைதியானான்.

பிறகுதான் போட்டியின் நெஞ்சுப் பகுதி. டைனமைட் கிட் மேலேயிருந்து தலையால் பாய்ந்து குறி தப்ப, ஸ்மாஷ் அவரைப் பின் பண்ணினார். இப்போது பவர்ஸ் ஒஃப் பெய்ன் தனியே, எதிரே ரெண்டு ஜோடி. டிமோலிஷனுக்கு வெற்றி கைக்கெட்டின தூரம். அந்த நேரம் பார்த்து அவர்களுடைய சொந்த மேனேஜர் மிஸ்டர் ஃபூஜி விளிம்பில் ஏறி, ஸ்மாஷ் ஓடி வருகிற சமயம் மேல் கயிற்றை இழுத்துத் தாழ்த்திவிடுகிறார். ஸ்மாஷ் அப்படியே வெளியே போய் விழுந்து, எண்ணி முடிக்கும் முன் எழும்ப முடியாமல், சாம்பியன்கள் ரெண்டு பேரும் அவுட். "எங்கள் ஆள்தானே, ஏன்?" என்று டிமோலிஷன் கேட்கப் போக, ஃபூஜி கைத்தடியால் அடிக்கிறார். அவர்கள் அவரைத் தூக்கித் தரையில் போடுகிறார்கள். விழுந்து கிடக்கிற ஃபூஜியைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் யார்? எதிரிப் பக்கத்து வோர்லோர்டும் பார்பேரியனும்.

அண்ணன் இங்கே நிறுத்தவில்லை. நிறுத்தாததுதான் சரி. மாடியில் இருந்த இருபத்தைந்து பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது, இவ்வளவு நேரமும் நாம் வெறுத்த சாயமூஞ்சிகள் நல்லவர்கள் ஆகிவிட்டார்கள், கைதட்டின சாயமூஞ்சிகள் கெட்டவர்கள் ஆகிவிட்டார்கள் என்று. பேச்சே இல்லாமல், ஒரு கயிறை இழுத்து, நாலு பேரின் குணத்தை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். 42 நிமிடக் களேபரத்தை எதற்காகச் சுமந்தோம் என்பதற்கு இதுதான் பதில். 20 பேரின் நெரிசல் இல்லாமல் வெறும் நாலு பேர் போட்டியாக இருந்திருந்தால் ஃபூஜி விளிம்பில் ஏறும்போதே சந்தேகம் வந்திருக்கும். இங்கே கண் வேறு எங்கோ இருந்தது.

கடைசியில் கொன்கிஸ்டடோர்ஸ் மட்டும். அதில் ஒருவன் ஓடி வரும்போது ஃபூஜி தடியால் காலை இடற, பார்பேரியன் முடித்து வைத்தார். தாத்தா தலையை ஆட்டினார். பலகையில் மிஞ்சினது பவர்ஸ் ஒஃப் பெய்ன், உளுந்து வடை, கொத்து.

கொத்தைப் பற்றியும் எழுத வேண்டும் அல்லவா. உப்புக் கூடுதல். எதிராளி கண்ணில் உப்பை வீசுவதுதான் ஃபூஜியின் பழைய தொழில், அன்றைக்கு அவர் எங்கள் சமையல்கட்டுக்கும் வந்து போயிருப்பார் போல. பராட்டாவைப் பொடியாக வெட்டாமல் பெரிய துண்டாக விட்டிருந்தார்கள், கறிக் குழம்பு தனியாகக் கேட்டால்தான் வரும், அது நன்றாக இருந்தது. கோழிக் கொத்து 800 ரூபாய், மரக்கறி என்றால் 550. அளவு தாராளம், ரெண்டு பேர் சாப்பிடலாம். உளுந்து வடை நாலு மணிக்கு முன்னே போனால் சூடு, அதற்குப் பிறகு கல். பிளேன்டீ 50 ரூபாய், இஞ்சி தட்டிப் போடுகிறார்கள், குறையே இல்லை, தேயிலை விளைகிற ஊரில் தூள் டீ குடிக்க வைக்கிற கடைகளுக்கு நடுவே இது நல்ல சாயம்.

மற்றக் குறைகள். நாற்காலிகள் பிளாஸ்டிக், ஒன்றிரண்டு கால் விரிந்தவை, சுவர்ப் பக்கம் உட்காருங்கள். கார்த்திகை மாதத்து மழைக்குத் தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் வர்ணனை கேட்காது. (வர்ணனை செய்கிறவர் பெயர் கோரில்லா மொன்சூன், பக்கத்தில் ஜெஸி வென்டுரா. அன்றைக்கு மேலேயும் மொன்சூன், உள்ளேயும் மொன்சூன்.) ஜன்னல் ஒன்று பூட்டாது, பனி உள்ளே வரும், சுவெட்டர் இல்லாமல் போகாதீர்கள். பில்லில் நாங்கள் வாங்காத ஒரு சோடாப் போத்தல் ஏறியிருந்தது, சொன்னவுடன் கழித்துவிட்டார்கள், ஆனாலும் பார்த்துக் கொடுங்கள். சம்பளம் போட்ட 10ஆம் திகதிக்குப் பிறகு வருகிற ஞாயிறு தவிர்க்கலாம், இடம் கிடைக்காது, மாடிப்படியிலேயே ஒரு எலிமினேஷன் நடக்கும். இலங்கை அணிக்கு மட்ச் இருந்தால் கிரிக்கெட்தான், எந்த ஃபூஜி வந்தாலும் மாற்ற மாட்டார்கள். பெண்கள் மாடிக்கு வருவது குறைவு, ஆனால் ஒரு நாள் என் தங்கச்சியைக் கூட்டிப் போனேன், முன் மேசையை ஒழித்துக் கொடுத்தார்கள், யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, அவள்தான் அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாக எண்ணினாள்.

இப்போது இந்த மாதிரிப் போட்டிகளைப் புதிதாகப் பார்ப்பது குறைந்துவிட்டது. 2022இலிருந்து சர்வைவர் சீரிஸ் என்றால் வோர்கேம்ஸ், ரெண்டு ரிங்கைச் சேர்த்துச் சுற்றிலும் கூண்டு. பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கும், ஆனால் அதில் ஒவ்வொருவராக உள்ளே வந்து சேருகிறார்கள், இதில் ஒவ்வொருவராக வெளியே போகிறார்கள். எனக்குப் பிடித்தது வெளியே போவதுதான், கரும்பலகையும் அதற்குத்தான் தோது.

அடுத்த ஞாயிறு 1987 போடுவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார், முதல் சர்வைவர் சீரிஸ், அதிலும் பத்து ஜோடி. கில்லர் பீஸ் என்ற ஜோடி முகமூடியை மாட்டிக்கொண்டு ஆள் மாறாட்டம் செய்து கடைசி வரை தப்பிக்கிற கதை. மல்யுத்தமாகப் பார்த்தால் 1988ஐவிட அதுதான் சுத்தம் என்பது அண்ணனின் கட்சி, எனக்கு ஃபூஜியின் கயிறு இழுப்பு இல்லாமல் சப்பென்று இருக்குமோ என்று யோசனை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகி நாங்கள் இறங்கும்போது தாத்தா படியில் முன்னால் போய்க்கொண்டிருந்தார், ஒரு கை சுவரில், ஒரு கையில் குடை. பாதிப்படியில் நின்று, மேலே பார்த்து, முதலாளியிடம் கேட்டார்:

"அடுத்த வாரம் அந்தத் தங்கச்சட்டைக்காரனுக வர்றானுகளா?"

"அதுல இல்ல தாத்தா."

"அப்ப அதுக்கு அடுத்த வாரம் சொல்லு."